கரண்ட் வராத தோட்டத்துக்கு சூரியசக்தி பம்ப்: சிறு விவசாயிகள் கேட்கும் கேள்விகள்

தமிழ்நாட்டில் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம். ஆனால் இணைப்புக் கிடைத்தவர்களுக்குத்தான் இலவசம். மனுக் கொடுத்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருப்பவர்களும், கம்பி எட்டாத காட்டோரத்தில் நிலம் வைத்திருப்பவர்களும் டீசல் எஞ்சினை நம்பியே இருக்கிறார்கள். அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. இரண்டு மூன்று ஏக்கர் வைத்திருப்பவரை மனதில் வைத்தே எழுதியிருக்கிறேன்.

எத்தனை எச்.பி. போடலாம்?

பெரும்பாலானவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். ஆனால் இது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. பக்கத்துத் தோட்டத்தில் 5 எச்.பி. ஓடுகிறது, நமக்கும் அதே என்று முடிவெடுத்தால் பெரும்பாலும் பணம் வீண். சில நேரம் கிணறும் வீண்.

மூன்று விஷயங்கள் தெரிந்தால் எச்.பி. தானாக வந்துவிடும்: கிணற்றிலோ போர்வெல்லிலோ ஒரு நாளைக்கு எவ்வளவு ஊறுகிறது, பயிருக்கு எவ்வளவு வேண்டும், தண்ணீரை எத்தனை அடி தூக்க வேண்டும். ஊற்றுக்கு மேல் இறைக்கிற மோட்டார் பத்து மணிக்கே கிணற்றைக் காலி செய்துவிட்டு உச்சி வெயிலில் சும்மா நிற்கும். பேனலுக்குக் கொடுத்த காசு முழுக்க அந்த உச்சி வெயிலுக்காகக் கொடுத்ததுதான்.

கிணற்றில் எவ்வளவு ஊறுகிறது என்று நானே அளக்க முடியுமா?

முடியும். கயிறும் கல்லும் போதும். 20 அடி விட்டமுள்ள வட்டக் கிணறு என்று வைத்துக்கொள்வோம். அதில் தண்ணீர் ஒரு அடி ஏறினால் ஏறக்குறைய 8,900 லிட்டர் சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். சாயங்காலம் டீசல் எஞ்சினை நிறுத்தியதும் கல் கட்டிய கயிற்றை இறக்கி, தண்ணீர் தொடும் இடத்தில் முடிச்சுப் போடுங்கள். மறுநாள் காலையில் எஞ்சினைத் தொடுவதற்கு முன் மறுபடி இறக்குங்கள். இரண்டு அடி ஏறியிருந்தால் ராத்திரி ஊறியது கிட்டத்தட்ட 18,000 லிட்டர்.

இதை ஐப்பசி, கார்த்திகையில் அளந்து பயனில்லை. மழைக்காலத்தில் எல்லாக் கிணறும் நல்ல கிணறுதான். சித்திரை, வைகாசியில் அளந்த அளவை வைத்தே பம்ப் வாங்க வேண்டும்.

போர் என்றால் வாடகை மோட்டாரை இறக்கி ஒரு பகல் முழுக்க ஓட்டிப் பாருங்கள். 200 லிட்டர் டிரம் நிறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று காலையிலும் மதியத்திலும் சாயங்காலத்திலும் பாருங்கள். காலையில் 2 நிமிடத்தில் நிறைந்த டிரம், மூன்று மணிக்கு 5 நிமிடம் எடுத்தால், மூன்று மணிக் கணக்குதான் உங்கள் போரின் உண்மையான கணக்கு. ஓடும்போது தண்ணீர் மட்டம் எத்தனை அடிக்கு இறங்கி நிற்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். நின்ற நிலையில் 60 அடியில் இருக்கும் தண்ணீர், இறைக்கும்போது 110 அடிக்குப் போய்விடும். தூக்க வேண்டிய உயரம் அந்த 110 அடிதான்.

பயிருக்கு எவ்வளவு வேண்டும் என்பதை எப்படிக் கணக்குப் போடுவது?

ஒரு ஏக்கர் முழுவதும் ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் நிற்க சுமார் 4,000 லிட்டர் வேண்டும். நம் வெயிலில், நன்றாக வளர்ந்து நிற்கும் காய்கறிப் பயிர் ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டரை ஒட்டிக் குடிக்கும். ஆக ஏக்கருக்கு 20,000 லிட்டர். வாய்க்காலில் விட்டால் வழியில் மண் குடிப்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சொட்டுநீரில் செடியின் வேரடியை மட்டும் நனைப்பதால் இதைவிடக் குறையும். முருங்கை, கொய்யா போன்ற மர வகைகளுக்கு இன்னும் குறைவு. நெல்லை இந்தக் கணக்கில் கொண்டுவர வேண்டாம். கிணற்றை மட்டும் நம்பிச் சின்ன சூரியசக்தி பம்பில் நெல் போடுவதை நான் யாருக்கும் சொல்வதில்லை.

சரி, இப்போது எச்.பி. சொல்லுங்கள்.

ஒரு யூனிட் மின்சாரம், எந்த நஷ்டமும் இல்லாவிட்டால், 12,000 லிட்டரை 100 அடி தூக்கும். மோட்டாரிலும் பம்பிலும் பாதிக்கு மேல் போய்விடும் என்பதால் கைக்கு வருவது 5,000 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோவாட் பேனல் நல்ல வெயில் நாளில் 4 யூனிட் தரும். அதாவது ஒரு கிலோவாட் பேனலுக்கு, 100 அடி ஆழத்திலிருந்து ஒரு நாளைக்கு 20,000 லிட்டர். இது கொஞ்சம் கைப்பிடித்துப் போட்ட கணக்கு. நல்ல பம்ப் இதைவிடக் கூடுதலாகவே தரும்.

ஒரு ஏக்கர் காய்கறி, தூக்க வேண்டியது 120 அடி என்றால் ஒன்றேகால் கிலோவாட் வரும். மேகம் மூடிய மப்பு நாட்களுக்கும் சேர்த்து 1.8 கிலோவாட் பேனலோடு வரும் 2 எச்.பி. பம்ப் தாராளம். இப்படிப்பட்ட நிலத்துக்குத்தான் பல பேர் 5 எச்.பி. விண்ணப்பம் போடுகிறார்கள்.

ஆழம் கூடக்கூட அதே கணக்கில் தண்ணீர் குறையும். 200 அடியில் பாதி. 800 அடி போர் என்றால் ஒரு கிலோவாட்டுக்கு 2,500 லிட்டர்தான். கொங்குப் பகுதியில் ஆயிரம் அடிக்குப் போர் போட்டிருப்பவர்களிடம் நான் சொல்வது: இதை முழுப் பாசனத்துக்கு நம்பாதீர்கள். மாட்டுக்கும் வீட்டுக்கும் கொஞ்சம் மரங்களுக்கும் தண்ணீர் கிடைக்கும், அவ்வளவுதான்.

காலை ஏழு மணிக்கு வெயில் அடிக்கிறது, ஆனால் தண்ணீர் வரவில்லையே?

பம்ப் பழுதில்லை. சாதாரண நீர்மூழ்கி பம்பில் தண்ணீர் ஏறும் உயரம் சுழலும் வேகத்தைப் பொறுத்தது. வேகம் பாதியானால் தூக்கும் உயரம் பாதியாகாது, கால்வாசியாகிவிடும். அதனால் வெயில் மங்கலாக இருக்கும்போது மோட்டார் சுற்றும், தண்ணீர் குழாயில் பாதி வழி ஏறி நிற்கும். ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டிய பிறகுதான் மேலே கொட்டும். ஆழம் அதிகமான போரில் இந்தக் காத்திருப்பும் அதிகம்.

ஆழம் அதிகம், தண்ணீர் கொஞ்சம் என்ற போருக்கு ஸ்க்ரூ வகை பம்ப் இருக்கிறது. திருகு போன்ற உலோகத் தண்டு ரப்பர் உறைக்குள் சுற்றி, தண்ணீரைப் பிடித்துத் தள்ளும். மெதுவாகச் சுற்றினாலும் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வரும். காலையிலும் மப்பிலும் இது கைகொடுக்கும். மணல் வரும் போரில் மட்டும் போட வேண்டாம். ரப்பர் உறை சீக்கிரம் தேய்ந்துவிடும்.

கிணற்றுமேட்டில் வைக்கும் மோட்டார் போதாதா? விலை குறைவாயிற்றே.

தண்ணீர் 20 அடிக்குள் இருந்தால் போதும். மேலிருந்து உறிஞ்சும் எந்தப் பம்பாலும் நடைமுறையில் 22, 23 அடிக்குக் கீழே உள்ள தண்ணீரை எடுக்க முடியாது. அது காற்றழுத்தத்தின் எல்லை, கம்பெனியின் குறை அல்ல. குளத்தோரம், ஓடை ஓரம், டெல்டாவின் ஆழமில்லாத பகுதிகளுக்கு இது நல்ல தேர்வு. தள்ளுவண்டியில் பேனலோடு கட்டி நகர்த்தும் சின்ன பம்புகளும் இருக்கின்றன. அரை ஏக்கர் கீரை போடுபவருக்கு அதுவே போதும், இரவில் வீட்டுக்குக் கொண்டுவந்தும் விடலாம்.

பேட்டரி வைத்தால் ராத்திரியும் ஓட்டலாமே?

வேண்டாம். மின்சாரத்தைச் சேமிப்பதைவிடத் தண்ணீரைச் சேமிப்பது மலிவு, தொல்லையும் இல்லை. பேட்டரி சில வருடங்களில் மாற்றியாக வேண்டும். சிமெண்ட் தொட்டி உங்கள் பேரன் காலம் வரைக்கும் நிற்கும்.

மேட்டில் ஒரு தொட்டி கட்டி, பகல் முழுக்க அதில் ஏற்றிவிட்டு, சாயங்காலமோ மறுநாள் விடியலிலோ மடையைத் திறந்துவிடலாம். நிலம் சரிவாக இருந்தால் இன்னும் வசதி. தொட்டித் தளம் நிலத்தைவிட 6 முதல் 10 அடி உயரத்தில் இருந்தால், குறைந்த அழுத்தத்தில் வேலை செய்யும் சொட்டுநீர்க் குழாய்கள் தானாகவே ஓடும். வழக்கமான சொட்டுநீர் அமைப்புக்கு வடிகட்டியையும் சேர்த்து 35 முதல் 50 அடி அழுத்தம் தேவைப்படும். அதை நேரடியாகப் பம்பிலிருந்து கொடுத்தால் அந்த அடியையும் ஆழத்தோடு கூட்டிக் கணக்குப் போடுங்கள். இதை விட்டுவிட்டு, கடைசி வரிசைச் செடிக்குச் சொட்டு வரவில்லை என்று வருத்தப்படுகிறவர்கள் அதிகம்.

பெரிய தொட்டிக்குக் காசில்லை என்றால் பண்ணைக்குட்டை வெட்டித் தார்ப்பாய் விரிக்கலாம். கோடையில் ஆவியாவது கொஞ்சம் போகும். குழந்தைகளும் ஆடுகளும் வழுக்கி விழாமல் சுற்றி வேலி கண்டிப்பாக வேண்டும். தார்ப்பாய்ச் சரிவில் விழுந்தால் பெரியவர்களாலேயே ஏறி வர முடியாது.

பேனலை எங்கே, எப்படி வைப்பது?

தெற்குப் பார்த்து, 10 முதல் 15 டிகிரி சாய்வில். நம் ஊருக்கு இதற்கு மேல் சாய்க்க வேண்டியதில்லை. படுக்கையாக வைக்கவும் கூடாது. சாய்வு இருந்தால்தான் மழை தூசியை வழித்துக்கொண்டு போகும்.

நிழல்தான் பெரிய எதிரி. பேனல்கள் வரிசையாகக் கோர்த்திருப்பதால், ஒரு பேனலில் ஒரு தென்னை மட்டையின் நிழல் விழுந்தாலும் இழப்பு அந்த ஒரு பேனலோடு நிற்காது. திருவண்ணாமலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் மதியம் இரண்டரை மணிக்கு மேல் தண்ணீர் பென்சில் கனத்துக்கு மெலிந்துவிடும். மோட்டாரைத் தூக்கிப் பார்த்தார்கள், பேனலுக்கும் மோட்டாருக்கும் நடுவில் இருக்கும் கண்ட்ரோலர் பெட்டியை மாற்றச் சொன்னார்கள். காரணம் மேற்கு வரப்பில் இருந்த வேப்பமரம். பேனல் நட்டது பங்குனியில். மார்கழிச் சூரியன் தெற்கே தாழ்ந்து போகும்போது அந்த மரத்தின் நிழல் எங்கே விழும் என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை. இரண்டு கிளையை வெட்டியதும் சரியாகிவிட்டது. இடம் பார்க்கும்போது தெற்கிலும் கிழக்கு மேற்கிலும் எந்த மரமும், வளரப்போகிற கன்றும் இல்லாத இடமாகப் பாருங்கள்.

அப்புறம், நல்ல வெயில் என்றால் நல்ல மின்சாரம் என்று நினைக்க வேண்டாம். பேனலுக்கு வெளிச்சம் வேண்டும், சூடு வேண்டாம். சித்திரை மதியத்தில் பேனல் 60 டிகிரிக்கு மேல் சுடும்போது உற்பத்தி பத்து சதவீதத்துக்கு மேல் குறையும். காற்று அடியில் புகுந்து போகும்படி நிலத்திலிருந்து உயர்த்தி வையுங்கள். அடியில் கோழிக்கூண்டு போடலாம், கீரைப்பாத்தி போடலாம். வைக்கோல் மட்டும் அடுக்க வேண்டாம்.

கால்களுக்குக் கான்கிரீட் போடுவதில் சிக்கனம் பார்க்காதீர்கள். பேனல் என்பது காற்றுக்கு ஒரு பாய்மரம். 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவில் மின்கம்பங்களையே சாய்த்துப் போட்டது.

அரசு மானியம் எவ்வளவு? யாரிடம் போக வேண்டும்?

2019-ல் தொடங்கிய பிரதமரின் குசும் திட்டத்தில், மின் இணைப்பு இல்லாத இடங்களுக்கான தனி பம்புகளுக்கு மத்திய அரசு 30 சதவீதமும் மாநில அரசு குறைந்தது 30 சதவீதமும் தருகின்றன. மீதிதான் உங்கள் பங்கு. அதற்கும் வங்கிக் கடன் கேட்கலாம். தமிழ்நாட்டில் ஆதிதிராவிடர், பழங்குடியினச் சிறு குறு விவசாயிகளுக்கு இதற்கு மேலும் கூடுதல் மானியம் உண்டு. நடத்துவது வேளாண்மைப் பொறியியல் துறை. கோட்டத்தில் உள்ள உதவிச் செயற்பொறியாளர் அலுவலகத்துக்கு நேரில் போங்கள். சிட்டா, அடங்கல், நில வரைபடம், ஆதார், வங்கிப் புத்தகம், சிறு குறு விவசாயி சான்று ஆகியவை தேவைப்படும். நன்செய், புன்செய் என்ற கணக்கெல்லாம் தாசில்தார் அலுவலகம் பார்த்துக்கொள்ளும். பொதுவாக இரண்டரை ஏக்கர் வரை குறு விவசாயி, ஐந்து ஏக்கர் வரை சிறு விவசாயி.

சொட்டுநீர்க்கான மானியம் தனி. சிறு குறு விவசாயிகளுக்கு அது தமிழ்நாட்டில் 100 சதவீதம். இரண்டையும் சேர்த்துத் திட்டமிட்டால் பம்பின் அளவே ஒரு படி குறையும்.

குசும் பெயரில் போலி இணையதளங்கள் பதிவுக் கட்டணம் வாங்கி ஏமாற்றியிருக்கின்றன. மத்திய அரசே எச்சரித்திருக்கிறது. போனில் பேசி, பணம் அனுப்பச் சொல்கிற யாருக்கும் ஒரு ரூபாய்கூட அனுப்ப வேண்டாம்.

இலவச மின்சாரத்துக்கு மனுக் கொடுத்துக் காத்திருக்கிறேன். இதை வாங்கினால் என் வரிசை போய்விடுமா?

விண்ணப்பப் படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் இந்தக் கேள்வியைப் பொறியியல் துறை அலுவலகத்திலும் மின்வாரிய அலுவலகத்திலும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். இரண்டு இடத்திலும் கேட்க வேண்டும். தெருவில் சொல்வதை நம்பி முடிவெடுக்கிற விஷயம் அல்ல இது.

டீசல் எஞ்சின் இருக்கிறது. அதை விட்டுவிட்டு இதற்குச் செலவு செய்வது நியாயமா?

5 எச்.பி. எஞ்சின் மணிக்கு ஒரு லிட்டரை ஒட்டிக் குடிக்கும். ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம் ஓட்டினால், லிட்டர் 90 ரூபாய் என்று வைத்தாலே, 360 ரூபாய். ஆண்டில் 100 நாள் ஓட்டினால் 36,000. ஆயிலும் ரிப்பேரும் தனி. பத்து நாள்தான் ஓட்டுகிறேன், மற்றபடி மானாவாரி என்பவருக்கு டீசலே போதும், மானியம் கிடைத்தாலும் அவசரப்பட வேண்டாம். தினமும் தண்ணீர் கேட்கிற காய்கறி, பூ, தீவனப்புல் போடுபவருக்கு மானியத்தோடு சில வருடங்களில் போட்ட காசு திரும்பிவிடும்.

எஞ்சினை உடனே விற்றுவிட வேண்டாம். மழை நின்றும் மப்பு விலகாத மார்கழி வாரங்களில் நாற்று காயாமல் காப்பாற்ற அது இருக்கட்டும்.

எங்கள் கிணறு மூன்று பங்காளிகளுக்குப் பொது. முறை வைப்பது எப்படி?

இதைப் பற்றி யாரும் பேசாமலேயே பம்பைப் போட்டுவிடுகிறார்கள், பிறகு சண்டை வருகிறது. மாடு கட்டிக் கமலை இறைத்த காலத்திலும் டீசல் காலத்திலும் மணிக்கணக்கில் முறை வைத்தது நியாயமாக இருந்தது; எந்த மணிக்கும் அதே தண்ணீர். சூரியசக்தியில் எட்டு மணித் தண்ணீரும் பன்னிரண்டு மணித் தண்ணீரும் ஒன்றல்ல. அண்ணனுக்குக் காலை, தம்பிக்கு மதியம் என்று பிரித்தால் அண்ணன் நிலம் காயும்.

நாள் கணக்கில் பிரிக்கலாம். ஆனால் மப்பு நாள் யார் முறையில் வருகிறதோ அவருக்கு நஷ்டம். எனக்குத் தெரிந்து நிலைத்து நிற்கிற ஏற்பாடு தொட்டிக் கணக்குதான்: பம்ப் எப்போதும் தொட்டியில் கொட்டும், தொட்டியின் உள்சுவரில் கோடு போட்டு, ஆளுக்கு இத்தனை அடி என்று திறந்துவிடுவது. வெயில் கூடினாலும் குறைந்தாலும் எல்லோருக்கும் ஒரே மாதிரி கூடும், குறையும். தொட்டி கட்ட முடியாதவர்கள் தண்ணீர் மீட்டர் ஒன்று மாட்டி, லிட்டர் கணக்கில் பிரித்துக்கொள்ளலாம். கூட்டுப் பட்டா என்றால் மற்றவர்களின் சம்மதக் கடிதமும் விண்ணப்பத்துக்கு வேண்டியிருக்கும். அதை எழுதும்போதே முறையையும், பழுதுச் செலவை யார் எவ்வளவு கொடுப்பது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

காசில்லாமல் தண்ணீர் வருகிறது, நாள் முழுக்க ஓட்டினால் என்ன?

டீசலில் இறைக்கும்போது ஒவ்வொரு லிட்டருக்கும் கை நடுங்கும். இதில் நடுங்காது, ஆபத்து அங்கேதான். தமிழ்நாட்டில் 2022-ல் நிலத்தடி நீரை குறுவட்டம் (பிர்கா) வாரியாகக் கணக்கெடுத்தார்கள். 1,166 குறுவட்டங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, ஊறுவதைவிட அதிகமாக உறிஞ்சப்பட்டவை. உங்கள் பகுதி எந்த வகை என்பது பொறியியல் துறை அலுவலகத்தில் தெரியும்; மானியம் கிடைப்பதும் அதைப் பொறுத்துத்தான்.

தொட்டி நிறைந்ததும் பம்பைத் தானாக நிறுத்தும் மிதவை ஸ்விட்ச் ஒன்றை முதல் நாளே மாட்டச் சொல்லுங்கள். கிணற்றில் தண்ணீர் இறங்கினால் மோட்டாரை நிறுத்தும் பாதுகாப்பு கண்ட்ரோலரில் இருக்கிறதா என்று கேளுங்கள். இறைக்க வேண்டாத நாட்களில் அதே பேனலில் தீவனம் வெட்டும் இயந்திரமோ மாவு மில்லோ ஓட்ட உதவும் பொதுக் கண்ட்ரோலர்கள் வந்திருக்கின்றன. ஆண்டில் பாதி நாள் பேனல் சும்மா நிற்கிறது என்பதை நினைத்தால், அதற்குக் கொஞ்சம் கூடுதல் காசு கொடுப்பது தப்பில்லை. மின்வாரியத்துக்கு விற்கலாமா என்று கேட்கிறார்கள். கம்பி இருந்தால்தான் விற்க முடியும். குஜராத்தின் தூண்டி கிராமத்து விவசாயிகள் கூட்டுறவு அமைத்து அப்படி விற்றுக் காட்டினார்கள். கம்பி எட்டாத ஊருக்கு அந்த வழி இப்போதைக்கு இல்லை.

ஷாக் அடிக்குமா?

அடிக்கும், வீட்டுக் கரண்ட்டைவிட மோசமாக. வரிசையாகக் கோர்த்த பேனல்களில் சில நூறு வோல்ட் நேர்மின்சாரம் (டி.சி.) இருக்கும். வெயில் இருக்கும் வரை பேனலை யாராலும் அணைக்க முடியாது. ஓடிக்கொண்டிருக்கும்போது பேனல் ஒயரின் இணைப்பைப் பிடுங்கினால் தீப்பொறி அணையாமல் நின்று எரியும். முதலில் ஸ்விட்சை அணைத்துவிட்டுத்தான் எதையும் தொட வேண்டும். எர்த் கம்பியும் இடிதாங்கியும் பில்லில் மட்டும் இல்லாமல் நிலத்திலும் இருக்கின்றனவா என்று பாருங்கள். எலியும் காட்டுப்பன்றியும் ஒயரைக் கடிக்காமல் இருக்க, குழாய்க்குள் விட்டு மண்ணில் புதையுங்கள்.

பராமரிப்பு என்ன?

விடியற்காலையில், பேனல் குளிர்ந்திருக்கும்போது, தண்ணீர் ஊற்றித் துணியால் துடையுங்கள். கோடையில் வாரம் ஒரு முறை, செங்கல் சூளையோ மண் ரோடோ பக்கத்தில் இருந்தால் இரண்டு முறை. சுடுகிற கண்ணாடியில் மதியம் குளிர்ந்த நீர் ஊற்றக் கூடாது. உப்புத் தண்ணீர் வெள்ளைப் படலம் கட்டும். கடைசியில் மழைத் தண்ணீரால் ஒரு முறை அலசிவிடுங்கள்.

மானியப் பம்புகளுக்கு ஐந்து வருடம் பராமரிப்பும் காப்பீடும் சேர்ந்தே வருகின்றன. பலருக்கு இது தெரியாமல், இரண்டாம் வருடத்திலேயே கண்ட்ரோலருக்குக் கைக்காசு கொடுக்கிறார்கள். பேனல், மோட்டார், கண்ட்ரோலர் மூன்றின் வரிசை எண்களையும் போட்டவுடன் போட்டோ எடுத்து வையுங்கள். புகார் சொல்லும்போதும், திருட்டுப் போனால் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுக்கும்போதும் முதலில் கேட்பது அந்த எண்களைத்தான்.

மழைக்காலத்தில் மாதக்கணக்கில் ஓட்டாமல் விட்டால் கெட்டுவிடுமா?

பேனலுக்கு ஒன்றும் ஆகாது. மோட்டாரை மட்டும் பத்துப் பதினைந்து நாளைக்கு ஒரு முறை சில நிமிடம் ஓட்டிவிடுங்கள், இறுகிப் போகாமல் இருக்கும். கண்ட்ரோலர் பெட்டியின் கதவைத் திறந்து, உள்ளே குளவிக்கூடோ எறும்புப் புற்றோ இருக்கிறதா என்றும் பாருங்கள். கையை விடுவதற்கு முன் ஸ்விட்சை அணைக்க மறக்காதீர்கள்.